காலை கூட்ஸும் வெள்ளைச் சேலையும்

12 ஜனவரி 1988
மன்றத்துப் புகைப்படப் போட்டிக்கு மாதக் கடைசிக்குள் படம் தர வேண்டும். மற்றவர்கள் ரோஜாவும் குழந்தையும் எடுப்பார்கள். நான் கூட்ஸ் வண்டி எடுக்கப்போகிறேன். அவர் போனதிலிருந்து கேமரா பீரோவில் சும்மா கிடக்கிறது.

13 ஜனவரி
அம்பத்தூரில் எங்கே நின்றாலும் கம்பம் குறுக்கே வருகிறது. அண்ணனூரில் குப்பை. திருமுல்லைவாயில் தாண்டி, வேலிக்கு வெளியே ஒரு மேடு – அதுதான் இடம். அரக்கோணம் பக்கமிருந்து வரும் வண்டியின் முகத்தில் காலை வெயில் நேராக விழுகிறது.

16 ஜனவரி
கூட்ஸ் வந்தது. என்னைக் கண்டதும் டிரைவர் ஹாரனை அடித்தார், அடித்துக்கொண்டே போனார். கேமரா ஆடிப் படம் பாழ். என்ன நாகரிகம் இது?

18 ஜனவரி
இன்றும் அதே ஹாரன். வண்டியை மெதுவாக்கி, தலையை நீட்டிக் கத்தல் வேறு.

19 ஜனவரி
தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் வீராசாமி எனக்காகவே மேட்டில் காத்திருந்தார். "இன்னா ஆயா, மருமவ சோறு போடலியா? வெள்ளச் சேல கட்டிக்கினு ஒரு கெழவி லைன் ஓரமா நிக்குது, வுழுந்துடப் போவுதுன்னு டிரைவருங்கோ பயந்துகினு கீறாங்கோ."

ஆயாவைப் பொறுத்துக்கொண்டேன். கிழவியை அல்ல. சாகப் போறவளுக்குக் கேமரா எதுக்கு? கேட்டேன். "அத்த மூஞ்சிக்கு நேரா புடிச்சா அழுவுற மாரி கீது," என்றார். வீடு வரை கூடவே வந்து மருமகள் ஜெயசீலியிடமும் ஒப்பித்துவிட்டார்.

20 ஜனவரி
மாதா கோயில் பங்குச் சாமியார் பாஸ்கல் வந்து நம்பிக்கையைப் பற்றி நெடுநேரம் பேசினார். இரண்டு காபி குடித்தார். சொல்லியனுப்பியது யாரென்று தெரியும்.

"அத்தை, இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க. ஊரு என்னைத்தான் பேசும்," என்கிறாள் ஜெயசீலி. போகாமல்? பிறகு யார் எடுப்பது – பங்குச் சாமியாரா?

22 ஜனவரி
இரவெல்லாம் யோசித்தேன். குற்றம் மேட்டிலும் இல்லை, வெயிலிலும் இல்லை.

காலையில் ஜெயசீலியிடம் ஒரு கலர் சேலை கேட்டேன். "கலரா?" என்றாள். பிறகு பீரோவைத் திறந்து சிவப்பை எடுத்தாள்.

"அதைக் கட்டினால் வண்டியே நின்றுவிடும்," என்றேன்.

அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. பச்சையை எடுத்து, கொசுவத்தை அவளே மடித்துவிட்டாள். குடையோடு கூடவும் வந்தாள். கூட்ஸ் வந்தது. ஹாரன் இல்லை.

30 ஜனவரி
பிரிண்ட் வந்தது. இஞ்சின் முகத்தில் ஒரு கம்பத்தின் நிழலும் இல்லை. டிரைவர் வெளியே சாய்ந்து கையாட்டுகிறார். அதை நான் திட்டமிடவில்லை. இருக்கட்டும். போட்டிக்குக் கொடுத்தாயிற்று.

21 பிப்ரவரி
இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு ரோஜாவுக்கு. அதுவும் கொஞ்சம் மங்கல்தான்.

சலவைக்கு மூட்டை கட்டும்போது ஜெயசீலி கேட்டாள்: "என்ன அத்தை, இந்த வாரம் வெள்ளை ஒண்ணுகூட விழலையே?"

கட்டினால்தானே விழும், என்றேன்.