நீங்கள் தெரிவு செய்த மாடிப்படி

என்ட கூடப்பிறந்த அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்கள் ஜும்ஆ முடிந்து மையவாடிக்குப் போய், உங்களை அடக்கிய இடத்தில் தலைமாட்டில் நின்று சலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். நமது ஊரில் பெண்களுக்கு அந்த வழக்கம் இல்லை. அதனால் என் சலாமை இந்தத் தாளில் வைக்கிறேன். அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கி வைப்பானாக.

முதலில் சந்தோசமான சேதி. உங்கள் மகள் பரீதாவுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. மாப்பிள்ளை சம்மாந்துறை. கந்தோரில் எழுத்து வேலை. பெரிய கூச்சக்காரன். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டோம். அதைச் சொல்லக்கூட வெட்கப்பட்டு, முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனான். பரீதா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கும்போது அப்படியே உங்கள் முகம்.

இரண்டாவது சேதி நம் மாடிப்படியைப் பற்றியது. அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அந்தப் படி எப்படி வந்தது என்று உங்களையும் என்னையும் தவிர முழுதாக யாருக்குத் தெரியும்? பரீதா அப்போது பாவாடை இழுபட ஓடித் திரிந்த பிள்ளை. இதை அவளுக்கும் வாசித்துக் காட்டுவேன்; அவளும் கேட்கட்டும் என்று முதலிலிருந்தே சொல்கிறேன்.

சூறாவளி வந்து ஊரில் ஓடு, கிடுகு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு வாப்பாவுக்கு ஒரே பிடிவாதம். இனி நம் வீட்டுக்கு ஓடு இல்லை, கொங்கிறீட்தான் என்றார். கொங்கிறீட் போட்டால் அதற்கு மேலே இன்னொரு வீடு எழுப்பலாம். கீழ்வீட்டை உங்கள் கலியாணத்தின்போதே சீதனமாக எழுதித் தந்துவிட்டார். மேல்வீடு எனக்கு. சாய்ந்தமருதில் ஒரு முழம் காணி வாங்குவதே பெரும்பாடு; பெண்பிள்ளைக்கு வீடு இல்லாவிட்டாலோ மாப்பிள்ளை வரமாட்டான். வாப்பா வேறு என்னதான் செய்வார்?

ஆனால் என் இடது கால்? சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு சூம்பிப்போன கால். நேர் நிலத்தில் எப்படியோ நடந்து பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்துவிட்டு வருவேன். படி என்றால்தான் பயம். அதைப் பற்றித்தான் அன்று வீட்டில் எல்லோரும் கூடிக் கதைத்தார்கள்.

“இந்தக் காலோட இவள் எப்பிடி ஏறி இறங்குவாள்?” என்று உம்மா அழுதார்.

“அப்ப மூத்தவள் மேல போகட்டும். ஹபீபா கீழ இருக்கட்டும்” என்றார் வாப்பா. உங்கள் மாப்பிள்ளை, என் மச்சான், ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை. “எனக்கென்ன மாமா, மேல நல்ல காத்து வரும்” என்றார். எல்லோருடைய மனதிலும் இரக்கம்தான் இருந்தது. அதனால்தான் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

குசினிக்குள் வந்து, சட்டி கழுவியபடி என்னைக் கேட்டது நீங்கள் மட்டும்தான்.

“ஒனக்கு எது வேணும் புள்ள? மேலயா, கீழயா?”

“மேல” என்றேன். “மேல இருந்து பாத்தாக் கடல் தெரியும் ராத்தா.”

கடற்கரை நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் பெரியபிள்ளையான பிறகு நான் அங்கே போனதே இல்லை. மணலில் கால் புதைந்தால் என்னால் இழுத்து நடக்க முடியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இரைகிற கடலை நான் காதால்தான் அறிந்திருந்தேன். இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அப்ப ஒனக்கு ஏறக்கூடிய படி ஒண்டு தேடுவம்” என்றீர்கள்.

மேசன் வரைந்து கொண்டுவந்தது வெளிப்படி. பக்கத்துச் சுவரோடு ஒட்டி, ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி. நமது வளவில் அதற்குத்தான் இடம் இருந்தது. கல்முனையில் ஒரு கடைக்காரர் வீட்டில் அதே மாதிரிப் படி இருக்கிறது என்று கேள்விப்பட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பாதி வரை ஏறினேன். பிறகு ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அந்த வீட்டுக்காரியோடு முருங்கை மரத்தைப் பற்றிக் கதைத்தபடியே, யாருக்கும் தெரியாமல் என் இடுப்பில் கைகொடுத்து இறக்கினீர்களே!

மறுகா, இன்னொரு நாள், மருதமுனைக்குப் போனோம். கைத்தறிச் சாரி வாங்கப் போவதாக வீட்டில் சொன்னோம். சவூதியில் உழைத்த ஒருவர் கட்டிய புது வீடு. நடு ஹோலில் இரும்பில் செய்த வளைவுப் படி, ஒரு தூணைச் சுற்றிக் கிறுகிக் கிறுகி மேலே போனது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிற படி. வீட்டுக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை.

“கொழும்பிலயும் இப்ப இதுதான் பெஷன். ஏறிப் பாருங்க தங்கச்சி.”

ஏறினேன். உள்பக்கம் படி குறுகிப் போய், என் இடது கால் வைக்க இடமில்லை. தலை வேறு சுற்றியது. கைபிடியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “வடிவாத்தான் இரிக்கி. மேல போனவங்க ஆரும் திரும்பி வந்திரிக்காங்களா?” என்று கேட்டீர்கள். வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ சிரிப்பில் பயம் போய்விட்டது. பஸ்சிலும் சிரித்தோம். முன் ஆசனத்தில் இருந்த மௌலவி திரும்பிப் பார்த்ததும் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அதற்கும் சிரித்தோம். சாரி வாங்க மறந்து போனோம் என்பது வீட்டு வாசலில்தான் ஞாபகம் வந்தது.

கடைசியில் நிந்தவூரில் கிடைத்தது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் பழைய வீடு. மரப்படி. ஒவ்வொரு படியும் தாழ்வு, ஒரு பாய் விரிக்கலாம் போல அகலம். படி திரும்புகிற இடத்தில் மூச்சு வாங்கி நிற்க ஒரு தட்டு. நான் ஏறினேன் ராத்தா. சும்மா, தெருவில் நடப்பது போல ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், நீங்கள் கீழே குந்தியிருந்து சாரித் தலைப்பைப் படியோடு வைத்து உயரத்தை அளந்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த முடிச்சை அவிழ்க்காமலே மேசனிடம் நீட்டினீர்கள். அவர் அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“இவ்வளவு தாழ்வா வச்சாப் படி நீண்டுக்கிட்டுப் போகும் மகள். வெளியால இடம் காணாது. உள்ளால வச்சாலும் முன்அறை முழுக்கப் போயிரும்.”

முன்அறை மச்சானுடையது. அந்தியில் நெல் யாவாரிகளும் கூட்டாளிகளும் வந்து உட்கார்ந்து றேடியோ கேட்கிற இடம். வீட்டையே மாற்றித் தரச் சம்மதித்த மனிதர், முன்அறை என்றதும் கொதித்துவிட்டார்.

“வீட்டுக்குள்ளால ரோட்டுப் போடப் போறீங்களா? நாளைக்கு அவளுக்கு வாற மாப்பிள்ளை என்ட வீட்டுக்குள்ளால ஏறி இறங்குறதா? ஊர் என்ன கதைக்கும்?”

“ஊர் கதைக்காத மாதிரி வைப்பம்” என்றீர்கள். “வாசலோடயே படி தொடங்கட்டும். இடையில சுவர் ஒண்டு எழும்பட்டும். ஏறுறவருக்கு உள்வீடு தெரியாது.”

“என்ட முன்அறை?”

“நீங்க அதுல இருக்கிறது அந்திக்கு மட்டும். அவள் காலமெல்லாம் ஏறி இறங்கணும்.”

மச்சான் கோபித்துக்கொண்டு சில நாள் கடையில் சாப்பிட்டார். நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அவராகவே றேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில் வைத்தார். படி கொங்கிறீட் போட்ட பிறகு, அது வெடிக்காமல் இருக்கக் காலையும் மாலையும் வாளியோடு தண்ணீர் ஊற்றியவரும் அவர்தான். யாரும் அவரைக் கேட்கவில்லை.

என் கலியாணம், என் மாப்பிள்ளை வந்து வாசலில் செருமிச் செருமி ஏறிய கூச்சம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “ஏறுங்க தம்பி, இங்க ஆரும் இல்ல” என்று நீங்கள் குரல் கொடுத்தது, எல்லாவற்றையும் எழுதினால் தாள் போதாது. படியடியில் அந்தச் சுவர் முடிகிற இடத்தில் உள்வீட்டுக்குப் போகக் கதவில்லாத ஒரு வழி விட்டிருந்தீர்கள். அதனூடாக மீன் ஆணமும் பிட்டும் மேலே வரும். நான் சமைத்தது கீழே போகும். கலவரம் வந்து ஊரடங்கு போட்ட நாட்களில் தெருக்கதவைப் பூட்டிவிட்டு ஒரே அடுப்பில் ஆக்கி, படிகளில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வெளியே என்ன நடந்தாலும் பிள்ளைகளுக்கு அந்தப் படி ஒரு தனி ஊர்.

பிறகு உங்களுக்கு அந்த வருத்தம் வந்தது. கல்முனை ஆஸ்பத்திரி, மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, கடைசியில் வீடு. படுக்கையில் இருந்தபடி நீங்கள் வேறொன்றும் கேட்கமாட்டீர்கள்.

“இண்டைக்குக் கடல் எப்பிடி இரிக்கி ஹபீபா?”

நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சொல்வேன். இன்று கறுத்துப்போய்க் கிடக்கிறது. இன்று தோணி நிறைய. இன்று கரைவலை இழுக்கிறார்கள், காகம் மொய்க்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் மௌத்தான அன்று காலையிலும் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு மடிப்பும் இல்லாத கடல். சொன்னேன். உங்களுக்குக் கேட்டதா?

மச்சான் பிறகு அக்கரைப்பற்றில் கலியாணம் செய்து அங்கே போய்விட்டார். அவரில் குறை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மீனும் பழமுமாக வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார். உம்மா கீழே பரீதாவோடும் அவள் தம்பியோடும் இருந்தார். நான் மேலே என் மாப்பிள்ளையோடும் என் சின்ன மகளோடும். ஆனால் பகலில் பாதி நேரம் கீழேதான். காய்ச்சல் என்றால் இறங்கினேன். பரீட்சை என்றால் இறங்கினேன். பரீதா பெரியபிள்ளையான அன்று எப்படி இறங்கினேன் என்றே தெரியாது. வெளிப்படியாக இருந்திருந்தால் நான் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுச் சாச்சியாகத்தான் இருந்திருப்பேன்.

இனி அந்தச் சேதி.

கலியாணப் பேச்சுக்கு வந்த மாப்பிள்ளையின் உம்மா, பரீதாவுக்குச் சீதனமாகப் போகிற கீழ்வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உள்படிய அடைச்சிட்டு வெளியால ஒண்டு கட்டுங்களன். புதுசா வாழப் போற சோடி. ஆரும் நினைச்ச நேரம் வந்து போறது சரியா வருமா?” என்றார்.

“அது என்ட ராத்தா வச்ச படி” என்றேன். மச்சானும் வந்திருந்தார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “அது ஹபீபா சொல்றதுதான்” என்றார்.

அவர்கள் போன பிறகு குசினியில் பரீதாவிடம் போனேன். அவள் என் பக்கம்தான் நிற்பாள் என்ற நம்பிக்கையில் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

“படிய அடைக்க வேணாம் சாச்சி. ஆனா எனக்கு ஒரு கதவு வேணும்.”

“கதவா? நமக்குள்ள என்னத்துக்குக் கதவு?”

“நீங்க எப்பவும் கேக்காமத்தான் இறங்கி வாறீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது. மேலே போய்ப் படுத்தவள் பின்னேரம் வரை எழும்பவில்லை. உங்களோடுதான் மனதுக்குள் கதைத்துக்கொண்டு கிடந்தேன். நீங்களும் மச்சானும் முகம் பார்க்காமல் இருந்த நாட்களிலும் நான் ஆணக் கிண்ணத்தோடு நடுவில் வந்து நின்றிருக்கிறேனே. ஒரு தடவையாவது உங்களுக்கும் ஒரு கதவு வேண்டியிருந்ததா, ராத்தா? சொல்லியிருந்தால் நான் கோபித்திருப்பேன் என்று நினைத்தீர்களா?

மறுநாள் கதவு செய்ய ஓடாவிக்கு ஆள் அனுப்பினேன். சம்மாந்துறை மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி அனுப்பினோம். “கதவெண்டாச் சரி” என்று பதில் வந்தது. பரீதாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மரம் பார்த்தோம். எனக்குப் பூ வெட்டிய கதவு பிடித்தது. அவள் சாதாரணக் கதவு போதும் என்றாள். அவள் வீடு, அவள் கதவு, விட்டுக்கொடுத்தேன். கதவை நிலையில் பொருத்திவிட்டு ஓடாவி கேட்டார், “தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கிற?”

பரீதா என்னைப் பார்த்தாள்.

“கீழ்வீட்டுப் பக்கம் வைங்க” என்றேன். “அவள்ட பக்கம்.”

அவள் வந்து என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு நின்றாள். ஓடாவி ஆணி அடித்து முடிக்கும் வரை அப்படியே நின்றோம்.

ராத்தா, வருகிற மாதம் அந்தக் கதவுக்குப் பின்னால் உங்கள் மகள் வாழத் தொடங்குவாள். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி நான் கேட்காமல் உள்ளே போகமாட்டேன். இறங்கி வந்து தட்டுவேன். சலாம் சொல்வேன். “ஆரது?” என்று அவள் கேட்பாள். “சாச்சி” என்பேன். அவள் வந்து திறக்கும் வரை, கால் கடுத்தாலும், கடைசிப் படியில் காத்துக்கொண்டு நிற்பேன்.

மேல்வீட்டிலிருந்து,
உங்கட தங்கச்சி,
பரீதாவின் சாச்சி,
ஹபீபா