வேலை முடிந்த பிறகு நீ செய்த வேலை

தம்பி,

கீழ்வீட்டு ரிஸானா இன்று காலை உன் மடிக்கணினியின் சார்ஜரைக் கேட்டு வந்தாள். பையைத் திறந்ததும் வாத எண்ணெய் மணம் வந்தது. அப்பாவின் கால்களுக்குத் தேய்த்துவிட்டு, கையை அரைகுறையாகத் துடைத்தபடி வந்து நீ தட்டிய விசைகளில் அந்தப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. துணியை எடுத்தேன். துடைக்க மனம் வரவில்லை.

ரிஸானாவும் உன்னைப்போல கணினி நிரல் எழுதுகிறவள். வேறு வேலைக்கு விண்ணப்பிக்கிறாளாம். "எல்லா எடத்துலயும் இதத்தான் கேக்குறாங்க டீச்சர். ஆபீஸ் வேலயத் தவிர, சொந்தமா ஊட்டுல இருந்து என்ன ப்ராஜெக்ட் செஞ்சீங்க, காட்டுங்கண்டு. ஊட்டுக்குப் போனா எனக்கு ரெண்டு புள்ளைகள். அதுகளக் கொண்டு போய்க் காட்டவா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போனதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ வேலை பார்த்த கம்பனியை மூடியபோது உனக்கு நாற்பத்தைந்து வயது கடந்திருந்தது. அத்தனை வருட அனுபவத்துக்கு வேலை தானாக வரும் என்றுதான் இருவரும் நினைத்தோம். கொள்ளுப்பிட்டியில் முதல் நேர்முகத்துக்குப் போய்வந்த அன்று, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று சொன்னாய்: "கேள்வி கேட்ட சிங்களப் பெடியன் என்னை முதல்ல அண்ணா மாதிரி 'அய்யே' எண்டான் அக்கா. முடியேக்க 'சேர்' எண்டான். சேர் எண்டால் வேலை இல்லை எண்டு அர்த்தம்."

"அப்பிடி என்னத்தைக் கேட்டவன்?"

"வேலை முடிஞ்ச பிறகு நீங்களா என்ன எழுதுறீங்கள் எண்டு. அப்பாவை நடக்க வைக்கிறனான் எண்டன்."

எனக்குக் கோபம் வந்தது. நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது ஒரு வகுப்பில் விட்டு, பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்தார்கள். போயா விடுமுறை நாளில் யாருக்குச் சும்மா படிப்பிக்கிறாய் என்று எவரும் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடைக்கு ஆள் எடுக்கிறவர், சமையற்காரர் வீட்டில் என்ன சமைக்கிறார் என்றா விசாரிக்கிறார்? இதையெல்லாம் அடுக்கியபோது நீ என்னைத் தடுத்தாய்.

"அவனிலயும் முழுப் பிழை சொல்லேலாது. நான் எழுதினது எல்லாம் கம்பனிக்குள்ள பூட்டிக் கிடக்கு. வெளியில காட்ட ஏலாது. பிறகு அவன் எதைப் பார்த்து என்னை நம்புறது?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அதை நான் மறுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் ஆசைக்கு எழுதுகிறவர்களிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த ஓய்வு நேரம் எல்லோருக்கும் இருக்கிறதா என்று யார் கேட்டார்கள்?

உன் மாலைகள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியும். பக்கவாதம் வந்தபின் அப்பா கட்டிலை விட்டு எழும்ப மறுத்தார். துறைமுகத்தில் வேலை செய்த காலம் முழுவதும் அவர் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கியவர். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். கட்டில் வெள்ளவத்தை. குசினி வாசல் பம்பலப்பிட்டி. பிரிட்ஜ் கொள்ளுப்பிட்டி. பல்கனி கோட்டை. அவர் முன்னால் நீ பின்பக்கமாக நடந்து, இரண்டு கைகளையும் பிடித்து, ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூவுவாய். எண்ணெய் தேய்ப்பது, நடப்பது, இளைப்பாறுவது, திரும்ப வருவது என்று மாலை முழுவதும் அதில் போய்விடும்.

மூன்றாவது இடத்திலும் அதே கேள்வி வந்தபிறகு நீ அறைக்கதவைச் சாத்தினாய். எங்கள் கட்டடத்தில் தண்ணீர் மோட்டர் போடும் நேரத்தை எல்லோருடைய போனுக்கும் அறிவிக்கும் ஒரு நிரல், காட்டுவதற்கென்றே எழுதத் தொடங்கினாய். "மோட்டர் போடுறவருக்கே எப்ப போடுவார் எண்டு தெரியாதேடா," என்று சொல்லிப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. அப்பாவை நான் நடத்தப் பார்த்தேன். என் பிடியை அவர் நம்பவில்லை. பம்பலப்பிட்டிக்கு முன்னாலேயே கால் மடங்கிவிடும். பிறகு கதிரையிலேயே இருந்துவிட்டார். கால்கள் வீங்கத் தொடங்கின.

ஒரு மாலை அவர் கைத்தடியால் எட்டி உன் கதவைத் தட்டினார். நீ திறந்தாய். கதிரையில் இருந்தபடியே, கோணிய வாயால் மெல்ல மெல்லக் கேட்டார்:

"என்னடா... ரயில்வே... ஸ்ட்ரைக்கோ?"

நீ பலமாகச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாய். உள்ளே போய்க் கணினியை மூடி வைத்துவிட்டு வந்தாய். "முடிஞ்சுது அப்பா. பேச்சுவார்த்தை வெற்றி. எழும்புங்கோ."

அந்த நிரல் பாதியில் நிற்கிறது. அதற்குப் பிறகு போன இடங்களிலும் உண்மையையே சொன்னாய். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். வத்தளையில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்த பெண் மட்டும், தங்கள் நிரலிலேயே கண்டுபிடிக்க முடியாமல் கிடந்த ஒரு பிழையை உன் முன்னால் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாவாம். அவ திரும்பி வரும்போது பிழை எங்கே என்று நீ காட்டிவிட்டாய். வீட்டுக்கு வந்து, "அக்கா, உங்கட ஆக்கள் மாதிரித்தான், பாடம் நடத்திக் காட்டச் சொன்னவ," என்றாய். அன்று உன் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை அதற்கு முன் வெகுகாலம் பார்க்கவில்லை.

அந்த வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலை முடிந்து, வத்தளையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே விழுந்தாய். உன்னைத் தாங்கிப் பிடித்தவர்கள் உன் போனில் கடைசியாகப் பேசிய இலக்கத்துக்கு எடுத்தார்கள். அது என்னுடையது. அப்போது அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உன்னோடு நடக்கத் தயாராக இருந்தார்.

நீ இனி இல்லை என்று அவருக்குப் பலமுறை சொல்லிவிட்டேன். சொன்னால் அழுகிறார், பிறகு மறந்துவிடுகிறார். இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். இப்போது என்னோடு நடக்கிறார். எனக்குப் பின்பக்கமாக நடக்கப் பயம், பக்கத்தில்தான் நடக்கிறேன். அவருடைய பாரம் முழுவதும் என் முழங்கையில் விழும்போது, இதை எல்லா மாலையும் சுமந்த உன்னிடம் "ஓய்வு நேரத்தில் என்ன செய்தாய்" என்று கேட்டார்களே என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பாரத்தைத்தான் நீ எனக்கு விட்டுப் போயிருக்கிறாய். இறக்கி வைக்க எனக்கு விருப்பமில்லை.

நேற்றுப் பல்கனி வரைக்கும் வந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வீதியைப் பார்த்தார்.

"வத்தளை பஸ் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை அப்பா."

"அப்ப கொஞ்சம் நிப்பம்," என்றார்.

நின்றோம்.