வரப்பெறாத பட்டியல்

விருதுநகர்,
28.10.2007

அன்புள்ள ஞானசுந்தரிக்கு,

நானும் ரோஜாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். இருமல் குறைந்ததா என்று காலையில் போனில் கேட்டேன், குறைந்தது என்றாய். பேசி முடித்த அன்றைக்கே கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எனக்குச் சாப்பாடு, மழை, பிள்ளையின் படிப்பு, இவற்றைத் தாண்டிப் பேச வராது. பதினாறு வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதிப் பழகிய கை. எழுதினால்தான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது.

ரோஜா காலாண்டுத் தேர்வில் கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கியிருக்கிறாள். பொன்னுத்தங்கம் அக்கா தினமும் அடுத்த தெருவிலிருந்து குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். தம்பி சமையலில் பிள்ளை இளைத்துவிடும் என்பது அவள் கவலை. குடிதண்ணீர் ஒன்பது நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது. தீபாவளி முடியும்வரை சிவகாசி பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது.

இனி, எழுத உட்கார்ந்த விஷயம்.

போன ஞாயிறு நீ போனில் அழுதாய். இன்று காலையில் அழாமலே சொன்னாய், அங்கே நீ பார்க்கும் விபத்துத் தகவல் திட்டத்திலிருந்து விடுவிக்கும்படி மனு டைப் செய்து வைத்துவிட்டதாகவும் வியாழக்கிழமை கொடுத்துவிட்டுப் பழையபடி தாலுகா ஆபீசுக்கே வந்துவிடுவதாகவும். நான் சரி என்று மட்டும் சொல்லிப் போனை ரோஜாவிடம் கொடுத்தேன். அந்தச் சரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நாளைக் காலையில் கூரியரில் போட்டால் புதன்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும் என்றார்கள். படித்து முடிக்கும்வரை அந்த மனுவை யாரிடமும் கொடுக்காதே.

ஜூலை மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன். எல்லாத் துறையையும் கூப்பிட்டிருந்தார்கள். நீ மேடையில் உட்கார்ந்திருந்தாய், பக்கத்தில் உங்கள் இணை இயக்குநர் காசிராஜன். நான் மூன்றாவது வரிசையில், மின்விசிறி இல்லாத பக்கம். புதுக் கண்ணாடி போட்டிருந்தாய். கண்ணாடி வாங்கியதை நீ என்னிடம் சொல்லவில்லை. அது சின்ன விஷயம்தான். ஆனால் கூட்டம் முடியும்வரை எனக்கு அதுவே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

நீ பேசினாய். விபத்து நடந்தால் ஒரே பெண்ணின் குடும்பம் ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் நல வாரியத்துக்கும் ஒரே காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதை இங்கே வேலை பார்த்தபோது பார்த்ததாகச் சொன்னாய். ஒவ்வொரு துறையும் தன் பட்டியலைக் கொடுத்துவிட்டால், ஒரு ஆலையில் எந்த அறையில் வெடித்தாலும் அந்த அறையில் இருந்தவர்களின் பெயர் சில நிமிடங்களில் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விடும் என்றாய். யார் எதைப் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது, பார்த்தவர் பெயர் எப்படிப் பதிவாகும் என்று ஒவ்வொன்றாக விளக்கினாய். முதலாளிகள் கண்ணில் அது படவே படாது என்றாய். நீ பாதியில் நிறுத்தியதைக் காசிராஜன் முடித்தார். அவர் தேடிய காகிதத்தை அவர் கேட்காமலே நீ எடுத்துக் கொடுத்தாய். கடைசியில் யாரோ ஒருவர், எங்கள் துறையின் பட்டியலை நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று எழுந்து கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "பட்டியல் துறைக்குச் சொந்தமில்லீக. அதுல பேரு இருக்கவுகளுக்குத்தான் சொந்தம்" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். காசிராஜன் உன் பக்கம் திரும்பித் தலையசைத்தார். நானும் கை தட்டினேன். பட்டாசுத் தொழிலாளர் பட்டியல் என் பொறுப்பு என்று தெரிந்த என் ஆபீஸ் ராஜபாண்டியன் குனிந்து, உங்க வீட்டம்மா உங்களைத்தான் சொல்றாக போல என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னான். எனக்கு அது விளையாட்டாக இறங்கவில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே வருடம் தேர்வு எழுதி ஒரே வருடம் வேலைக்கு வந்தவர்கள். என் மதிப்பெண் உன்னைவிட ஆறு கூடுதல். கல்யாணமான புதிதில் நீ எழுதும் குறிப்பையெல்லாம் என்னிடம் காட்டித் திருத்தி வாங்கிப் போவாய். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று உனக்குத் தெரியாது. அன்று கூட்டத்தில் விநியோகித்த பதினெட்டுப் பக்கத்தை வீட்டுக்கு வந்து முழுவதும் படித்தேன். திருத்துவதற்கு ஒரு வரி இல்லை. அது உன் எழுத்து என்று எனக்குத் தெரிந்தது. அவர் எழுத்தும் கொஞ்சம் கலந்திருக்குமோ என்றும் தோன்றியது. எந்த வரி அவருடையது என்று தேடிப் பார்த்தேன். என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது, ஆனால் தேடினேன்.

அதன் பிறகு உன் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை எண்ண ஆரம்பித்தேன். ஒரு முறை இருபது நிமிடத்தில் காசிராஜன் சார் பதினொரு தடவை வந்தார். ரோஜா மூன்று தடவை. நான் ஒரே ஒரு தடவை, அதுவும் கேஸ் சிலிண்டர் பதிந்தாச்சா என்று கேட்பதற்காக. பேப்பரில் வந்த உங்கள் கூட்டத்துப் படத்தை எடுத்து, உன் முகம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்துப் பீரோவில் வைத்தேன். மடிப்பைத் தாண்டி அவருடைய கை தெரிந்தது. இன்னொரு மடிப்பு மடித்தேன்.

அவரைப் பற்றித் தப்பாக நான் எதுவும் நினைக்கவில்லை. உன்னைப் பற்றி நினைக்கவே மாட்டேன். அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்தது எனக்கு உறுத்தியதா, நீ மேடையில் உட்கார்ந்தது உறுத்தியதா என்று கேட்டால் இன்று வரைக்கும் பதில் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்றால் அது முதலாவதைவிட மோசம்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி உன் கடிதம் எங்கள் தொழிலாளர் நல ஆபீசுக்கு வந்தது. பட்டாசு ஆலைத் தொழிலாளர் பதிவுப் பட்டியலைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பும்படி. கீழே உன் கையெழுத்து. கண்காணிப்பாளர் என்ற முறையில் அது நேரே என் மேஜைக்குத்தான் வரும் என்று உனக்குத் தெரியும். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த ஞாயிறு நீ போனில் அதைப் பற்றிக் கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை, என்னங்க அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்க என்று கேட்டிருந்தால் மறுநாளே அனுப்பியிருப்பேன். நீ கேட்கிற வரைக்கும் கொடுப்பதில்லை என்று நானாக ஒரு பிடிவாதம் பிடித்தேன்.

அந்தப் பட்டியல் எப்படி உருவானது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருடம் ஒவ்வொரு ஆலையாக ஏறி இறங்கி, எந்த வேன் எந்த ஊரிலிருந்து ஆள் ஏற்றுகிறது, எந்த அறையில் யார், அவர்களுக்கு அங்க அடையாளம் என்ன, எந்தக் கடைக்குப் போன் போட்டால் வீட்டுக்குத் தகவல் போகும் என்று நானே எழுதியது. ஒரு பெயர் வேண்டுமென்றால் எல்லோரும் என்னிடம் வந்துதான் நிற்க வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது. உன் திட்டம் வந்துவிட்டால் யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி சிடியாக என் டிராயரில் வைத்திருந்தேன். கோப்பில் மட்டும், தொழிலாளர்களின் சொந்த விவரங்களைப் பிற துறைக்குக் கொடுப்பதில் சட்டச் சிக்கல் எழக்கூடும், மேலிடத்தின் கருத்தைக் கேட்கலாம் என்று குறிப்பு வைத்தேன். யார் பார்க்கக்கூடாது என்று நீ எழுதியிருந்த விதியையே எடுத்து உன் கடிதத்துக்குத் தடை எழுதினேன். எங்கள் அலுவலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். உன்னிடமிருந்து முதல் நினைவூட்டு வந்தது, கோப்பில் சேர்த்தேன். இரண்டாவது வந்தது, அதையும் சேர்த்தேன். இரண்டாவதில் உன் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. கோபத்தில் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். அதில்கூட ஒரு திருப்தி இருந்தது.

அக்டோபர் பதினாறு, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்கு வெடித்தது. அந்த ஆலையில் பதினான்காம் அறையில் நான்கு பெண்கள். இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஒருத்தி தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நினைவு இழந்தாள். நாலாவது பெண்ணுக்கு முகமே இல்லை, பேச்சும் இல்லை. ஆம்புலன்சில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஆலைக்காரர்கள் ஆபீஸைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். வருகைப் புத்தகம் உள்ளே மாட்டிக்கொண்டது. சீசன் நேரம், வேனில் யார் வந்தார்கள் என்று டிரைவருக்கே தெரியவில்லை. மீதிப் பேர் பயந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு மல்லாங்கிணற்றிலிருந்து சங்கையா என்று ஒருவர் ஒரு சின்னப் போட்டோவோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். முந்தின நாள் சாயங்காலம் வேன் திரும்பி வராததிலிருந்து அலைகிறார். சிவகாசி ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், விருதுநகர் ஆஸ்பத்திரி, மறுபடியும் சிவகாசி. எங்கேயும் அவர் மனைவி வேலுத்தாயின் பெயர் இல்லை. நான் பட்டியலைத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினான்காம் அறை, வேலுத்தாய், வயது முப்பத்து நான்கு, இடது காலில் இரண்டு விரல் ஒட்டியிருக்கும்.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டர் பகுதியில் இருந்த பெண் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம், கால் விரல் அப்படித்தான் இருக்கிறது, உயிர் இருக்கிறது என்றாள். பிறகு, மற்ற எல்லாத் துறைப் பட்டியலும் வந்துவிட்டது, உங்கள் பகுதியைத் திறந்தால் மட்டும் விவரம் வரப்பெறவில்லை என்று வருகிறது சார் என்றாள். நான் போனை வைத்தேன்.

சங்கையா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பேரு நேத்தே இங்கன இருந்துச்சாய்யா?"

இருந்தது, மேலிடத்து உத்தரவு வரவில்லை என்று சொன்னேன். அவர் அதை நம்பினார். நம்பி, பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக என்னைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

மூன்றரை மணிக்கு அந்தப் பெண் இறந்துவிட்டாள். அவர் போய்ச் சேர்ந்தது நாலே கால் மணிக்கு. முதல் நாளே வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு மணி நேரம் கட்டில் சீட்டில் பெயர் தெரியாத பெண் என்று எழுதியிருந்தது. பெயர் முதல் நாளே போயிருந்தால் அவள் புருஷனுடைய குரலை ஒரு தடவை கேட்டிருப்பாள். அதை நான் என் டிராயரில் வைத்திருந்தேன்.

போன ஞாயிறு நீ, அந்தப் பொம்பளை பேரு என்ன என்று கேட்டாய். சொன்னேன். நீ அழ ஆரம்பித்தாய். அப்புறம் சொன்னாய்: "நான் உங்ககிட்ட வீட்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்டா புருஷன்கிட்ட சலுகை வாங்குன மாதிரி ஆயிரும்னு ஆபீஸ் வழியாவே எழுதிக்கிட்டிருந்தேன். என் வீம்புல ஒரு உசுரு போயிருச்சு."

நீ கேட்காமல் இருந்தது வீம்பு இல்லை, ஞானம். உன் விதிப்படி நீ நடந்தாய். எந்தத் துறையிலும் ஆள் பார்த்துப் பட்டியல் வாங்கக்கூடாது என்று நீதான் எழுதியிருந்தாய். அதை முதலில் உன் வீட்டிலேயே கடைப்பிடித்தாய். நான் அதை உன் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். சட்டச் சிக்கல் எதுவும் கிடையாது. அறுபத்து மூன்று நாளும் என் பொறாமைதான்.

போன திங்கட்கிழமை அலுவலரிடம் முகப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, சிடியை நானே ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். கோப்பில், தாமதத்துக்கு நான் மட்டுமே காரணம், என் முந்தைய குறிப்பு நேர்மையானது அல்ல என்று எழுதிவைத்தேன். அலுவலர் பதறிப்போய், கருத்து வர லேட்டாயிருச்சுன்னு போட்டா முடிஞ்சு போச்சு, ஏன்யா தலையைக் கொடுக்கீக என்றார். நான் எழுதியதை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மெமோ வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். சம்பள உயர்வு நிற்கலாம், ஊர் மாற்றலாம். வேலையே போனாலும் கேட்க எனக்கு வாயில்லை. ராஜபாண்டியன் திங்கட்கிழமையிலிருந்து என் மேஜைப் பக்கம் வருவதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ திட்டத்தை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தால், தெரு முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பேன். இப்போது கேட்டுக்கொள்கிறேன், விடாதே. பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்று காலையில் நீ சார் என்ன சொன்னார் தெரியுமா என்று ஆரம்பித்ததும் வயிற்றில் அதே எரிச்சல் வந்தது. அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். என் எரிச்சலுக்காக நீ இறங்கி வந்துவிட்டால் அடுத்த ஆளின் பெயரும் எவனுடைய டிராயரிலாவது கிடக்கும்.

ரோஜாவிடம் நானே சொல்கிறேன். அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் வருவதாகச் சொன்னாய். முடிந்தால் ஒரு நாள் முன்னதாக வா. மல்லாங்கிணற்றுக்குப் போய் சங்கையாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். பேச வேண்டியது நான்தான், அதை உன் தலையில் கட்ட மாட்டேன். நீ என் பக்கத்தில் நின்றால் போதும். இதை ஆபீஸ் வழியாகக் கேட்க முடியாது. வீட்டில் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெந்நீர் குடி.

உன் வருகையை எதிர்பார்த்து,
ஊர்க்காவலன்