இரண்டு பட்டியலிலும் இருக்கும் கட்டுரை

டாக்டர்,

உங்கள் நினைவு மலர் நேற்றுத் தபாலில் வந்தது. புது மையின் வாடை இன்னும் போகவில்லை. முதல் பக்கத்தில் உங்கள் படம். கடைசியில் நீங்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல்: சிறுநீரகவியல் தனியாக, உளவியல் தனியாக. ஒரே ஒரு கட்டுரை மட்டும் இரண்டிலும் இருக்கிறது. இரண்டு துறையிலும் உங்களுக்குப் பேர் வாங்கித் தந்த கட்டுரையாம். உங்கள் மாணவர் ஒருவர் அதைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்தவரைத் திட்டலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். உயிரோடு இருந்தபோது 'சார், சார்' என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள் நான். இப்போது திட்டத்தான் போகிறேன்.

எழுபதுகளில் ஏலப்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். மாதம் ஒருமுறை ஆராய்ச்சிக்காக ஜீப்பில் வருவீர்கள். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு ஓயாமல் நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல். காலையில் மலையேறினால் சாயங்காலம் எடை போடுகிறவரை அவர்கள் சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்தீர்கள். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஏன் அடக்குகிறார்கள் என்று நீங்கள் கேட்ட லட்சணம் இருக்கிறதே!

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்களை வரிசையாக நிறுத்தினீர்கள். பக்கத்திலேயே அவர்களை வேலை வாங்குகிற கங்காணி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "வெக்கமா இருக்குய்யா" என்றாள் முதலில் நின்றவள். பின்னால் வந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். என் அக்காவும்தான். அவளும் கொழுந்து பறிக்கிறவள்.

அன்று சாயங்காலமே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அவளைப் பிடித்தேன். "கங்காணி நிக்கையில வேற என்னத்தட்டி சொல்லச் சொல்லுத? தேயிலை நிரைய விட்டு எறங்குனா அரை நாள் கூலிய வெட்டிருவான். வெக்கமாம் வெக்கம்! காட்டுலயே பொறந்து வளந்தவளுக்கு என்னட்டி வெக்கம்?" என்றாள்.

வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் திரும்பக் கேட்டு, ஒரு நோட்டு நிறைய எழுதி உங்களிடம் தந்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை நீங்கள். உங்கள் பாலக்காட்டுத் தமிழில், "கேட்டியோ சிஸ்டர், முதல்ல சொன்னதாக்கும் நெஜம். அப்பறம் சொல்றதெல்லாம் கூடிப் பேசிண்டு சொல்றது" என்றீர்கள். அந்தக் கட்டுரையை அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தீர்கள். கூச்சம் என்கிற மனநிலைதான் நோய்க்குக் காரணம் என்று அது அச்சில் வந்தது.

மலையில் கக்கூஸ் கட்டித் தரச் சொல்லி, போய்வர நேரம் விடச் சொல்லி யூனியன்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. மேனேஜர் உங்கள் கட்டுரையைத் தூக்கிக் காட்டினார். மனசில் இருக்கிற நோய்க்குக் கக்கூஸ் எதற்கு என்றார். பேச்சு அதோடு முடிந்தது. அதற்குப் பதிலாக, கூச்சம் போக்க வகுப்பு நடத்தலாம் என்று யோசனை சொன்னீர்கள். என்னைத்தான் நடத்தச் சொன்னீர்கள். நடத்தினேன், டாக்டர். வேலை போய்விடுமோ என்று பயந்து, கூச்சப்படாதீர்கள் என்று அந்தப் பெண்களுக்கே பாடம் எடுத்தேன். அக்காவும் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

பிறகு அவளுக்கு முகமும் காலும் வீங்கின. நீங்கள்தான் பார்த்தீர்கள். இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தீர்கள். பின்னாலேயே ஓடிவந்தேன். தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி அந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போடுங்கள் சார், மற்றவர்களாவது பிழைக்கட்டும் என்று கெஞ்சினேன். "அச்சானது அச்சானதாக்கும். இனிமே மாத்தினா என் பேர் என்னாறது?" என்றீர்கள். நன்றாக இருங்கள்! உங்கள் பேருக்கு ஒரு குறையும் வரவில்லை.

சாகிறதற்கு இரண்டு நாள் முன்னால் அக்காவுக்கு நினைவு தெளிந்தது. உங்களை நாலு வார்த்தை திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு நம்பல, சரி. ஒனக்குத் தெரியுமேட்டி. தெரிஞ்சுமா அந்த வகுப்ப எடுத்த?" என்று கேட்டாள்.

உங்களை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் திட்டுவேன். ஆனால் அவள் அதை என்னிடம்தான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் அவளுக்கு நினைவு திரும்பவே இல்லை.