அப்பா தேர்ந்தெடுத்த பிரிண்டர்

என் வாலுப் பொண்ணுக்கு அம்மா எழுதுறது. இங்கே நாங்க ரெண்டு பேரும் சுகம், அங்கே நீயும் சுகமா இருப்பேன்னு நம்பிக்கிட்டுதான் தினமும் அடுப்பைப் பத்த வைக்கிறேன். போன்ல கேட்டா நல்லாயிருக்கேன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறே, அதான் கடுதாசி எழுதுறேன், இதுல நீ குறுக்கே பேச முடியாது.

அப்பாவுக்குப் பக்கவாதத்துல போன பேச்சு திரும்பணும்னு நீ அனுப்புற பயிற்சித் தாளையெல்லாம் தெருமுனைக் கடையிலதான் பிரிண்ட் எடுத்துக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவரைத் தனியா விட்டுட்டு ஓட வேண்டியிருக்கு, அதனால வீட்டுக்கே ஒண்ணு வாங்கிடலாமான்னு வாயைத் திறந்தேன், வந்தது வினை. உன் சித்தப்பா லேசர்தான் வாங்கணும், மத்ததெல்லாம் பத்து நாள் சும்மா கிடந்தா மை காஞ்சு போயிடும்னாரு. உன் மாமா, படம் பார்த்துப் பேசுறவருக்குக் கலர் வேண்டாமா, மை ஊத்துற மெஷின்தான் சரி, எங்க வீட்டுல நாலு வருஷமா ஓடுதுன்னாரு. அப்புறம் எந்தக் கம்பெனின்னு ஆரம்பிச்சாங்க பாரு, ஏதோ அவங்களே முதல் போட்ட கம்பெனி மாதிரி ஆளுக்கொரு பேரைப் பிடிச்சுக்கிட்டு, காபி ஆறிப்போச்சு, சண்டை ஆறல. அப்பா நாற்காலியில உக்காந்து இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டிருந்தாரு. முப்பது வருஷம் ஆபீஸ் ஸ்டோர்ல குண்டூசியிலேர்ந்து மேஜை வரைக்கும் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட மனுஷன், அவரை யாருமே கேக்கல, நானும்தான் கேக்கல.

மனசு உறுத்தி மறுநாள் அவரையே கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கடைக்காரர் ரெண்டு மெஷின்லேயும் உன் தாளையே அடிச்சுக் காட்டினாரு. கலர்ல ஆப்பிள் படம் கண்ணைப் பறிச்சுது, எனக்கு அதுதான் பிடிச்சுது. அப்பா நல்ல கையோட கட்டைவிரலை நாக்குல நனைச்சு ரெண்டு தாளையும் தேய்ச்சாரு. கலர் கலைஞ்சு விரலோட வந்துச்சு, லேசர்ல அடிச்ச கறுப்பு அசையல. அந்தக் கறுப்பு வெள்ளை மெஷினைத் தொட்டுட்டுத் தன் வாயோரத்தைக் காட்டினாரு. பேசிப் பழகுறப்போ எச்சில் ஒழுகித் தாள் நனையுது, அதை எனக்குத் தெரியாம இத்தனை நாளும் துடைச்சு மறைச்சிருக்காரு. கடைன்னுகூடப் பார்க்காம அழுதுட்டேன்டி.

உன் மேஜை மேலதான் வச்சிருக்கோம், உன் புத்தகம் ஒண்ணையும் தூக்கிப் போடல, அலமாரியில அடுக்கிட்டேன். நேத்து தாளோட நீ அனுப்பின உன் போட்டோவையும் அடிச்சேன், கன்னம் ஒட்டிக் கிடக்கு, நேரத்துக்குச் சாப்பிடுறியா இல்லையா. கதவுப் படத்துக்குக் கீழே ‘வா’ன்னு போட்டிருந்தியே, அதை நாலு தடவை முயற்சி பண்ணினாரு, வெறும் காத்துதான் வந்துச்சு. போதும்னு தாளை எடுக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டுட்டு உன் போட்டோவை முன்னாடி இழுத்து வச்சுக்கிட்டு, உன்னைப் பார்த்து, தெளிவா ‘வா’ன்னாரு. ரெண்டு தடவை.

உனக்கு இப்போ லீவு கிடைக்காதுன்னு தெரியும், வேலையை விட்டுட்டு ஓடி வந்துடாதே. நான் கூப்பிடலம்மா, அவர் கூப்பிட்டதை மறைக்கத்தான் மனசு வரல.

எந்தக் குறையும் உன்னை அண்டாம இருக்கட்டும், போற இடமெல்லாம் உனக்கு நல்லவங்க துணையா கிடைக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கோ. அடுத்த தாள்ல ‘போ’ன்னு ஒரு வார்த்தை இருந்தா எடுத்துடு, அதை அவர் இப்போ சொல்லிப் பழக வேண்டாம்.

உன்
அம்மா