வாசலில் அவர் சிலிப்பர்

மார்ச் 12, செவ்வாய்
உலு திராம்

இன்று டியூஷனில் 'ஹார்ட்' என்ற சொல்லிலிருந்து வரும் ஆங்கிலச் சொற்களை நடத்தினேன். ஹார்ட்லெஸ் என்றால் இரக்கமற்ற, ஹாஃப்-ஹார்ட்டட் என்றால் அரைமனதான. பிள்ளைகள் மளமளவென்று வாக்கியம் சொன்னார்கள். ஹார்ட்புரோக்கன் என்றால் மனமுடைந்த என்று சொன்னதும்தான் தடுமாறினார்கள்.

பக்கத்து வீட்டு கவிதா கை தூக்கினாள். "டீச்சர், உங்களப் பத்திச் சொல்லலாமா? அங்கிள் சிங்கப்பூர்ல வேற ஆன்ட்டியோட இருக்காராம், இனிமே வரமாட்டாராம். அம்மா சொன்னாங்க லா."

பழக்க தோஷத்தில், "இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்றேன். பிழையில்லாமல் சொன்னாள். மற்ற பிள்ளைகள் குனிந்து அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அவர் வார இறுதியில் வந்து போகிறார் என்று தெரு நம்பட்டும் என்றுதான் அவர் சிலிப்பரைத் தினமும் துடைத்து வாசலில் வைத்துக்கொண்டிருந்தேன். தெருவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது.

சற்று முன் மழை பிடித்தது. நனைந்தால் நனையட்டும் என்று படுத்தேன். முடியவில்லை. எழுந்து போய் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். தோல் சிலிப்பர். தண்ணீர் பட்டால் அவருக்குப் பிடிக்காது.