சோளகத்திலை ஏத்தின ட்ரோன்

யூன் 6, வெள்ளி
விடியவே சோளகக் காத்து. வடலி எல்லாம் ஒரு பக்கம் சரியுது. உடுப்பிட்டியிலை கலியாணம். மாப்பிளை மண்டப வாசலுக்கு வரேக்கை மாலை ட்ரோனிலை இறங்கவேணுமாம். என்ன கோதாரியோ. உந்தக் காத்துக்கு ட்ரோன் ஏத்த ஏலாதெண்டு எங்கடை ஸ்ரூடியோ முதலாளியிட்டைச் சொன்னன்.

"சுபநேரம் முடியப்போகுது பிள்ளை. ஏத்து!"

ஏத்தினன். மாலை சரியாய்த்தான் விழுந்தது. பாரம் போன உடனை ட்ரோன் துள்ளிச்சுது. காத்து அள்ளிக்கொண்டு மேளக்காரருக்கு மேலை போட்டுது. தவில் வாசிச்ச செல்வண்ணை முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். வலக்கையிலை ரண்டு விரலை ட்ரோன் விசிறி வெட்டிப்போட்டுது. வேட்டி முழுக்க ரத்தம்.

பொம்பிளையின்ரை தாய்: "ஐயோ, நல்ல காரியத்திலை ரத்தம்! ஒருத்தரும் வெளியிலை கதைக்காதேங்கோ."

தேங்காய் வெட்டேக்கை கத்தி பட்டதெண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லச் சொல்லி அனுப்பிச்சினம். கெட்டிமேளம் தவில் இல்லாமல்.

யூன் 7, சனி
தலையிடி. பற்றறி சார்ஜ் போடேல்லை.

ஆருக்கும் காயமெண்டா உடனை கொழும்பிலை சிவில் விமான அதிகாரசபைக்கு அறிவிக்கவேணும், பறப்புப் பதிவை அழிக்கக்கூடாது. அனுமதி எடுக்கேக்கை படிச்சது. முதலாளி போனிலை: "அழிச்சுப்போடு. அறிவிச்சா இனி ஒரு மண்டபக்காரரும் எங்களைக் கூப்பிடாயினம்."

அழிக்கேல்லை. பின்னேரம் அனுப்பிப்போட்டன். காத்து, இடம், காயம், என்ரை பேர். ஏலாதெண்டு சொன்னதும் நான்தான், ஏத்தினதும் நான்தான். ரண்டையும் எழுதினன்.

யூன் 10, செவ்வாய்
செல்வண்ணையிட்டைப் போனன். தோடம்பழம் கொண்டுபோனது. நரம்பு அறுந்ததாம், விரல் ரண்டும் மடங்காது. தவில் உறை போட்டபடி மூலையிலை. கோயில் திருவிழாக் காலம் வருது.

"அண்ணை, உண்மையை அறிவிச்சிட்டன்."

"ஓம் பிள்ளை, கொழும்பிலையிருந்து கேட்டவை. கத்திதான் வெட்டினதெண்டு சொல்லிப்போட்டன்."

"ஏனண்ணை?"

"கலியாண வீட்டிலை ரத்தம் சிந்தின மேளமெண்டு பேர் வந்தா எங்கடை மேளச் செற்றை ஆர் கூப்பிடுவினம்? என்ரை கைதான் போச்சு. மற்ற நாலு பேரும் சாப்பிடவேணும்."

எனக்கு ஆத்திரம், அவரிலை இல்லை. அவரின்ரை மனிசி தேத்தண்ணி தந்தா. குடிச்சிட்டு வந்தன்.

யூன் 14, சனி
இண்டைக்கும் சோளகம். முதலாளி ட்ரோனுக்கு வேறை ஆளைப் பிடிச்சிட்டார். விசரன், அவனும் ஏத்துவான்.

கலியாண வீடியோ முகப்புத்தகத்திலை. மாலை வடிவாய் இறங்குது, மாப்பிளை சிரிக்கிறார். "சூப்பர் ஷொட்" எண்டு கனடாவிலையிருந்து ஆரோ. தவில் சத்தம் அறுந்து நிண்ட இடத்திலை சினிமாப் பாட்டுப் போட்டிருக்கினம்.